ஏழாம் நாள் சிவந்த முதுகு

தொயாமா,
1996 நவம்பர் 11, திங்கட்கிழமை

ஊரே கம்பளி போர்த்திக்கொண்டு கிடக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற என் கணவர் முரோய் தெய்ஜி அவர்களுக்கு, சவாகோ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். மலை உச்சியில் போன வாரம் முதல் பனி விழுந்துவிட்டது. பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுதாமல் கடிதம் தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்காது, அதனால் அந்தக் கடமையை முடித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதுகு சிவந்துவிட்டது.

பதற வேண்டாம். உட்கார்ந்து படியுங்கள். இந்தச் செய்தியை உங்களுக்குச் சொல்ல நாற்பத்தேழு பேர் காத்திருக்கிறார்கள். எல்லோரும் உங்களைப் போலத் தோல் டாக்டர்கள், எல்லோரும் உங்கள் நண்பர்கள், ஒருவர்கூடச் சரியாகச் சொல்லமாட்டார்கள். அதனால்தான் முந்திக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் முதல் வாக்கியம் முடிவதற்குள் எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர், கொப்புளம் உண்டா என்று கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது அப்படியே தொண்டையில் நின்றுவிடும். காகிதம் குறுக்கே பேசாது.

முதுகுக்கு முன்னால் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பிப்ரவரியில் ஒரு வருட ஆராய்ச்சிக்காக ஸ்வீடனுக்குக் கிளம்பினீர்கள். ஏப்ரலில் என் வலது கை விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. நம் முடிதிருத்தும் கடையில் ஃபோன் எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் தமாயோ அக்கா அதைப் பார்த்துவிட்டு, புருஷன் ஊரில் இல்லாத ஏக்கம் விரல் வழியாக வெளியே வருகிறது என்று சொன்னாள். நானும் ஒரு மாதம் அதை நம்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மே மாதம் தோல் வெடித்துத் தண்ணீர் பட்டாலே எரிய ஆரம்பித்த பிறகு, ஏக்கம் இவ்வளவு தூரம் போகாது என்று புரிந்தது.

உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் என் முதுகை விசாரித்தீர்கள். புதிய பசை ஒன்று கிடைத்திருக்கிறது, திரும்பி வந்ததும் உன் முதுகில் ஒட்டிப் பார்க்க வேண்டும், வெயிலில் காட்டாமல் பத்திரமாக வைத்துக்கொள் என்று எழுதினீர்கள். கையை விசாரிக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் என் கைக்கு ஒன்றும் வந்ததில்லை, நீங்கள் எதற்காக விசாரிப்பீர்கள்.

எழுதாததற்கு உண்மையான காரணம் வேறு. கையில் புண்ணோடு வரும் முடிதிருத்தும் பெண்களுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "தொழில மாத்திக்குங்க." அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பீர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் தமாயோ அக்காவுக்கும் அதைத்தான் சொன்னீர்கள். அவள் ஸ்டேஷன் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு நடத்திய கடையை மூடினாள். அவளுக்குத் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. சொன்னதும் சரி. இன்றைக்கு அவள் கை என் கையைவிட வழவழவென்று இருக்கிறது. ஆனால் நான் ஒரு தலையில் கத்தரி வைக்கும்போது அவள் கையில் டெலிஃபோனை வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருடமாக அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். எனக்குப் பதினெட்டு வயதில் கையில் வந்த தொழில் இது. இதை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. பயந்துவிட்டேன். அதுதான் காரணம்.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? நீங்கள் சொன்னதை அப்படியே செய்தேன். ஊருக்குப் போகும்போது புதிதாக வந்த ரப்பர் கையுறை பன்னிரண்டு பெட்டி வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, இதைப் போடாமல் ஒரு தலையையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மனைவிக்குப் பட்டு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், மோதிரம் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது பன்னிரண்டு பெட்டி கையுறை. நானும் நீங்கள் கிளம்பிய நாளிலிருந்தே போட்டேன். கை மோசமாக ஆக ஆக இரண்டு கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் போட்டேன். ஆகஸ்டில் சீப்பு கையில் நிற்கவில்லை. மளிகைக் கடைக்காரம்மா தலையில் சுருள் போடும்போது மூன்று தடவை கீழே விழுந்தது. அந்தம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை ரயில் ஏறி கனசாவாவுக்குப் போனேன். தொகாஷி டாக்டரிடம் போனேன்.

இந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அறையைச் சுற்றி நாலு நடை நடப்பீர்கள். நடந்துவிட்டு வாருங்கள்.

வேறு யாரிடம் போவது? தோலுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிக் கண்டுபிடிக்கும் ஒட்டுச் சோதனையை இந்தப் பக்கத்தில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்வீடனில் இருக்கிறார். பெயரை மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனேன், ஆனால் காப்பீட்டு அட்டையில் உங்கள் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவர் அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். நான் எழுந்து வந்துவிடலாமா என்று யோசித்தேன். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எந்தக் கையில மொதல்ல வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். உங்கள் பெயரை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெளியே சொல்லமாட்டேன் என்றார். தன் உதவி டாக்டர்களிடம்கூட நான் யார் என்று அவர் சொல்லவில்லை. அந்த அளவுக்கு வாக்குக் காப்பாற்றியதால்தான் பின்னால் இவ்வளவு பெரிய கூத்து நடந்தது.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருபத்திரண்டு வருடமாக முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்தான் நான். நோயில்லாத ஒரு முதுகில் ஒட்டிப் பார்த்து அது சிவக்கவில்லை என்று காட்டினால்தான் உங்கள் கட்டுரையை நம்புவார்கள், அந்த முதுகு என்னுடையது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் நோயாளியாக ஒட்டிக்கொள்வது வேறு மாதிரி இருக்கிறது. தொகாஷி டாக்டர் ஒவ்வொன்றையும் ஒட்டும் முன் ஜில்லென்று இருக்கும் என்று சொல்லிவிட்டு ஒட்டினார். நீங்கள் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே ஒட்டுவீர்கள்.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற சண்டை இவ்வளவு நாள் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒட்டியதை இரண்டாம் நாள் பிரித்து, மூன்றாம் நாள் பார்த்து, முடிவு எழுதி அனுப்பிவிடுவது உங்கள் வழக்கம். ஏழாம் நாள் இன்னொரு தடவை பார்க்காமல் ஒருவரையும் விடமாட்டேன் என்பது அவர் வழக்கம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் தோல் டாக்டர்கள் சங்கத்து விருந்தில், ஒரு வாரம் காத்திருந்தால் சுவரில்கூடத் தடிப்பு வரும் என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்கு அவர், "மூணாம் நாளே கெளம்பிப் போறதுக்கு நீங்க என்ன டாக்டரா, ரயிலா?" என்று கேட்டார். குச்சியில் பிடித்திருந்த மீனைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு பேரும் இரண்டு மூலைக்குப் போனீர்கள். அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டாம் நாள் பிரித்தார். என் முதுகில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பார்த்தார். ஒன்றும் இல்லை. உங்கள் சட்டப்படி எனக்கு ஒரு நோயும் இல்லை, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சோறு சமைக்கலாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் விடவில்லை. ஏழாம் நாள் வரைக்கும் முதுகைத் தேய்த்துக் குளிக்கக் கூடாது, பேனாவால் போட்ட குறி அழியக் கூடாது என்றார். செப்டம்பர் புழுக்கத்தில் ஒரு வாரம் அப்படி இருந்தேன். தமாயோ அக்கா ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துவிட்டு, பெரிய படிப்பு படித்தவர்களைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் நாற வேண்டும் என்றாள்.

ஏழாம் நாள் போனபோது அவர் விளக்கைக் கிட்டே இழுத்து என் முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு கைக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். நான் கடையில் எல்லோருக்கும் பிடரியைக் காட்டுவேனே, அதே மாதிரி. பதினான்காம் நம்பர் சிவந்து தடித்து, தக்காளிப் பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல இருந்தது. பதினான்காம் நம்பர் எது என்று கேட்டேன். உங்கள் பெட்டியிலிருந்து நான் கொண்டுபோன கையுறைத் துண்டு.

ஆமாம். நீங்கள் வாங்கி அடுக்கிய பன்னிரண்டு பெட்டி. ரப்பரில் சேர்க்கிற ஏதோ ஒரு மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதமாகப் புண்ணை மூடி வைக்கப் புண்ணையே போட்டுக்கொண்டிருந்தேன். தொகாஷி டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. நான்தான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, அப்புறம் அழுதுவிட்டேன். பிளாஸ்டிக் கையுறைக்கு மாறினேன். இரண்டு மாதத்தில் விரலெல்லாம் கிட்டத்தட்ட ஆறிவிட்டது. தோட்டத்துக் காக்கி மரத்துப் பழத்தைக்கூடப் போன வாரம் நானே தோல் சீவிக் கயிற்றில் கட்டிக் காயத் தொங்கவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. ஒன்பதாம் நம்பர். அது தலைச்சாயம். அந்த இடம் சிவக்கவில்லை, சிவக்காமலும் இல்லை. இளஞ்சிவப்பாக ஒரு நிழல். உண்டு என்றும் எழுத முடியவில்லை, இல்லை என்றும் எழுத முடியவில்லை என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிப்ரவரியில் மறுபடியும் ஒட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்குறியோடுதான் இரண்டு மாதமாகத் தூங்கி எழுந்திருக்கிறேன். கையுறை என்றால் மாற்றிக்கொள்ளலாம். தலைச்சாயம் என்றால் கடையில் பாதி வேலை போய்விடும், உங்கள் இரண்டு சொல் வந்துவிடும்.

இப்போது கூத்துக்கு வருகிறேன். பதினான்காம் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளலாமா, சங்கத்தில் காட்டலாமா என்று கேட்டார். முதுகுதானே, முகமா தெரியப் போகிறது என்று நானும் சரி என்றேன். அவரும் அப்படியே நினைத்தார்.

அக்டோபரில் சங்கத்துச் செயலாளர் கமெயாமா டாக்டர் கூப்பிட்டார். இந்த வருடக் கூட்டம் காகா வெந்நீர் ஊற்று விடுதியில், சனி ஞாயிறு இரண்டு நாள், நீங்கள் இல்லாவிட்டாலும் நான் கட்டாயம் வர வேண்டும், சங்கம் எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போகிறது என்றார். எதற்கு என்று கேட்டேன். என் முதுகுக்கு என்றார். இருபத்திரண்டு வருடத் தொண்டுக்கு. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பழுப்புப் பட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

முந்தாநாள் சனிக்கிழமை காலையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தொகாஷி டாக்டர் மேடை ஏறினார். விளக்கு அணைந்தது. திரையில் என் முதுகு வந்தது, ஆள் உயரத்துக்கு. நோயாளியின் கண்ணை மறைக்க வேண்டும் என்பது விதியாம். அவருடைய உதவி டாக்டர் விதியை மீறக் கூடாது என்று என் பிடரி மேல் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார். கண் இல்லாத பக்கத்தில் கண்ணை மறைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் காட்டிவிட்டார்கள்.

மற்றது என்றால், வலது தோளுக்குக் கீழே இருக்கிற இரண்டு வட்டத் தழும்பு. சின்ன வயதில் நான் பிடிவாதம் பிடித்தபோது என் அம்மா மூலிகைக் கட்டி வைத்துச் சுட்ட சூடு. அந்தத் தழும்பிலிருந்துதான் நீங்கள் வரிசையை அளந்து ஒட்டுவீர்கள். அதற்கு மேல் தழும்பு, கீழ்த் தழும்பு என்று பெயர் வைத்துக் கட்டுரை கட்டுரையாகப் படம் போட்டிருக்கிறீர்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் தொழில் படித்தவர்கள். நம் அண்டை வீட்டார் என்னை அவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை. அந்தத் தழும்பை எல்லோருக்கும் அடையாளம் தெரியும் என்று அறியாத ஒரே ஆள் மேடையில் நின்றவர்தான். ஏனென்றால் அந்த மனிதர் பதினைந்து வருடமாக உங்கள் கட்டுரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

நாற்பத்தேழு பேர் என் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகக் கழுத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். தொகாஷி டாக்டர் மட்டும் உற்சாகமாகக் குச்சியால் பதினான்காம் நம்பரைக் காட்டி, மூன்றாம் நாளோடு நிறுத்தியிருந்தால் இந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்போம், பாவம், தொழிலே போயிருக்கும் என்றார். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். கமெயாமா டாக்டர் எழுந்து தொண்டையைக் கனைத்து, அந்த நோயாளி இப்போது சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்று பதில் வந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்க்காமல் என் பக்கமாகத் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

பாராட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. பத்திரத்தைத் தூரிகையால் எழுதிச் சட்டம் போட்டு வைத்துவிட்டார்கள், ஒரு எழுத்தையும் மாற்ற வழியில்லை. கமெயாமா டாக்டர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசித்தார். "இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்று அறுபது பொருள்களைத் தாங்கியும் ஒருமுறையேனும் சிவந்திராத தங்கள் முதுகின் உறுதியையும் பொறுமையையும் பாராட்டி" என்ற இடத்தில் அவருக்கு வரி தவறிவிட்டது. நெற்றியில் வேர்வை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் நானே வாயைத் திறந்தேன்.

"காலைல எல்லாரும் பாத்தீங்க. இத வாங்கிக்க இனிமே எனக்குத் தகுதி இல்ல. திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் பத்திரத்தை என் பக்கம் நீட்டினார். "நேத்து வரைக்கும் செஞ்ச தொண்டுக்குத்தாம்மா இது, வாங்கிக்குங்க" என்றார். முதல் வரிசையில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அப்புறம் எல்லோரும் இருமினார்கள். சங்கத்து வரலாற்றிலேயே இவ்வளவு கைதட்டல் வாங்கியது நான்தான் என்று சொல்கிறார்கள். அவ்வளவு நேரமும் தொகாஷி டாக்டர் கையில் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். அந்த முதுகு யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து இடுப்பு மடங்கக் குனிந்து நின்றார். "எனக்குத் தெரியாமப் போச்சும்மா. உங்க வீட்டுக்காரர் எழுதுறத நான் படிக்கிறதில்ல" என்றார். அவரும் உங்களுடையதைப் படிப்பதில்லை டாக்டர் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்தார். "அப்ப சரி" என்றார். கொஞ்சம் நிம்மதியாகக்கூடத் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி அந்த ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொன்னார். "அத நான் மூணு தடவ பாத்துட்டேன், என்னால சொல்ல முடியல. தலச்சாயத்தப் படிக்கிற கண்ணு இந்த நாட்டுல ஒருத்தருக்குத்தான் இருக்கு. பிப்ரவரியில ஒட்டும்போது அவரே படிக்கட்டும். ஆனா ஏழாம் நாள் வரைக்கும் இருக்கச் சொல்லுங்க." பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவர் உங்களைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் பெண்கள் வெந்நீர்த் தொட்டியில் டாக்டர் வீட்டம்மாக்கள் பதினொரு பேர் இருந்தோம். நான் துண்டோடு உள்ளே போனதும் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். பிறகு கமெயாமா டாக்டர் வீட்டம்மா, படத்தில் பார்த்ததாக இவர் சொன்னார், நிஜத்தில் காட்டுங்களேன் என்று கேட்டார். காட்டினேன். அவர் தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் பேனாக் கோடு, மங்கலாகச் சதுரம் சதுரமாக. அப்புறம் எல்லோரும் திரும்பினார்கள். பதினொரு முதுகிலும் கோடு இருந்தது. ஒருவருக்கு வாசனைத் தைலம், ஒருவருக்குச் செருப்புப் பசை, ஒருவருக்கு என்ன ஒட்டினார்கள் என்றே சொல்லவில்லையாம். இந்தத் துறை முழுக்க எங்கள் முதுகு மேல்தான் கட்டியிருக்கிறார்கள். தொகாஷி டாக்டர் வீட்டம்மா கழுத்து வரைக்கும் தண்ணீரில் இருந்துகொண்டு, "எங்க வீட்டுல ஏழு நாள் தேச்சுக் குளிக்க விடமாட்டார். உங்க வீட்டுல மூணு நாள்தானாமே, நீங்க குடுத்து வெச்சவங்க" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ தடுப்புச் சுவரைத் தட்டினார்கள்.

கமெயாமா டாக்டரிடம் ஒரு உதவி கேட்டேன். கூட்ட அறிக்கையை உங்களுக்கு ஃபேக்ஸில் அனுப்புவது அவர் கடமை. என் கடிதம் போய்ச் சேரும் வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். கடமையைத் தள்ளிப் போட முடியாது என்று கறாராகச் சொன்னார். ஆனால் சங்கத்து ஃபேக்ஸ் இயந்திரம் திங்கட்கிழமை பழுதாகப் போகிறது, சரிசெய்ய எட்டு நாள் ஆகும் என்றார். மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம். நாற்பத்தேழு பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது உங்கள் மேல் வைத்த மரியாதை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

மற்ற செய்திகள்: அங்காடித் தெருக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டார்கள். தோட்டத்துப் பைன் மரக் கிளைக்குப் பனி தாங்கக் கயிறு கட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். மீதி ஏழு பெட்டி கையுறையைத் தமாயோ அக்கா எடுத்துக்கொண்டாள், அவளுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஆளுக்கு ஆள் தோல் வேறுதான்.

இனி எழுதப் போவதைச் சிரிக்காமல் படியுங்கள். பிப்ரவரியில் ஒன்பதாம் நம்பரைப் படிக்கப் போவது நீங்கள். அது சிவந்தால் என்ன செய்வீர்கள்? மற்றவர்களுக்குச் சொன்னதை எனக்கும் சொல்வீர்கள். ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நடப்பவர் நீங்கள் இல்லை, அது எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை வருடம் உங்களோடு குப்பை கொட்டினேன். தமாயோ அக்காவிடம் கேட்டேன். அன்றைக்கு டாக்டர் உனக்கு வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று. அவள் காக்கிப் பழத்தைச் சீவிக்கொண்டே சொன்னாள். "சொன்னது சரிதான் சவாகோ. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லிட்டு என் கையக் கொஞ்ச நேரம் பாத்திருக்கலாம்." அவ்வளவுதான் சொன்னாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குக் கோபம் வந்தது, இப்போது ஆறிவிட்டது.

போன கடிதத்தோடு உங்கள் ஆய்வுக்கூடத்துப் படம் ஒன்று வைத்திருந்தீர்கள். இடமிருந்து மூன்றாவதாக நிற்கும் பெண்மணி யார் என்று நானும் தமாயோ அக்காவும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். நீங்கள்தான். முடி தோளைத் தொடுகிறது. ஒன்பது மாதம். அந்த ஊரில் முடிதிருத்துகிறவர்கள் இல்லாமலா போவார்கள்? கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்து உங்கள் தலையில் வேறு ஒருவர் கை பட்டதில்லை. அங்கே போயும் படவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை, பசையைப் பற்றி நாலு பக்கம் எழுதினீர்கள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். ஒன்பதாம் நம்பர் சிவந்தால் என்னைத் தொழிலை விடச் சொல்வதுதான் உங்கள் முடிவு என்றால், ஊருக்குக் கிளம்புமுன் அங்கேயே ஏதாவது ஒரு கடையில் உட்கார்ந்து முடியை வெட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். நான் அழமாட்டேன். டீ போட்டுக் கொடுப்பேன். அப்படி இல்லை என்றால், விமானத்தில் யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, அந்தத் தலையோடு அப்படியே வாருங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். உங்களை எந்தக் குறையும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். கத்தரியைச் சாணைக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்
சவாகோ